பச்சைக் கைப்பிடி

தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனில் சூரைமீன் படகுகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் க்வெண்டா நோஸ்கி முப்பத்தொரு வருஷமாக ஃபிட்டர். லேத்தில் கடைவாள், மரை வெட்டுவாள், வலை இழுக்கும் துருவேறிய வின்சைப் பிரித்து மறுபடி பூட்டுவாள். அரசாங்கத்தோடு அவளுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தகராறுதான். அதையும் தகராறு என்று சொல்ல முடியாது. ஒரு கடிதம் எழுதினாள், அவ்வளவுதான்.

கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போயிருந்தாள். வாத்து அலகு போல இரண்டு தகடு வைத்த கருவியை உள்ளே விட்டு, திருகைத் திருகி விரித்து, பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்தார் டாக்டர். அதுவரை எல்லாம் வழக்கம்போலத்தான். கருவியை மூடப் போனபோது திருகு அசையவில்லை. டாக்டர் இளைஞர். நெற்றி வியர்த்துவிட்டது.

"ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம்" என்றார், நாலு நிமிஷமாக.

கூரையில் ஒட்டியிருந்த டால்ஃபின் படத்தைப் பார்த்தபடி படுத்திருந்த க்வெண்டாவுக்குச் சத்தத்திலேயே விஷயம் புரிந்தது.

"தம்பி, மரை மாறி ஏறிடுச்சு. இறுக்காதீங்க. அரைச் சுத்து பின்னாடி விடுங்க. மேல் தகட்டைக் கட்டைவிரலால அமுக்கிக்கிட்டு இப்போ கழட்டுங்க."

டாக்டர் அப்படியே செய்தார். கழன்று வந்தது.

"உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

"போன வாரம் ஒரு வின்சுக்கு இதே கதைதான்."

உடை மாற்றியதும் கருவியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். தகட்டின் ஓரத்தில் நகத்தை ஓட்டினாள். பிசிறு தட்டியது. அரம் இருக்கிறதா என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் அரம் வைத்திருப்பதில்லை என்றார் டாக்டர்.

அன்றைக்கே கடிதம் எழுதினாள். கீல் தவறான இடத்தில் இருக்கிறது, சதையைக் கிள்ளுகிறது. திருகு சத்தம் போடுகிறது. ஓரத்தில் பிசிறு. பனிக்கட்டி போல் குளிர்கிறது. இப்படி ஒரு சாமானை மீன்பிடிக்கிறவனிடம் கொடுத்தால் கடலில் எறிந்துவிட்டு உங்களையும் எறிவான். கீழே கையெழுத்து.

பதினோரு வாரம் கழித்து மாநிலத் தலைநகர் அடிலெய்டிலிருந்து பதில் வந்தது. பெண்நோய்ப் பரிசோதனை மற்றும் அளவைக் கருவிகள் மேம்பாட்டு வாரியம் என்று ஒன்று இருந்தது. ஆரம்பித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அது மேம்படுத்தியது தன்னுடைய பெயரை, இரண்டு முறை. அந்த வாரியத்தில் 'வாழ்ந்தறிந்த அனுபவ உறுப்பினர்' என்ற இடம் காலியாக இருப்பதாகவும், க்வெண்டாவின் வலி வாரியத்தை மிகவும் கவர்ந்திருப்பதாகவும் கடிதம் சொன்னது.

அதை எடுத்துக்கொண்டு தம்பி பெண்டாட்டி டார்லீனைப் பார்க்கப் போனாள். டார்லீன் சிப்பிக் கொட்டகையில் வேலை செய்பவள். ஒரு மணி நேரத்துக்கு முந்நூறு சிப்பி உடைப்பாள், பேச்சை நிறுத்தாமல். அன்று கொஞ்சம் நிறுத்தினாள்.

"ரெண்டு மாசமா விட்டுவிட்டு ரத்தம் படுது, க்வெண்டா. மாசவிலக்கு இல்ல. சும்மா படுது."

"போய்க் காட்டேன்டி."

"அந்த வாத்து மூக்கைக் காட்டினாலே எழுந்து ஓடிடுவேன். சின்னவன் பிறந்தப்ப ஒருத்தன் விட்டான். 'இளக்கமா இரும்மா, இளக்கமா இரு'ன்னு கத்திக்கிட்டே விட்டான். நான் அன்னிக்கு இறுகினவதான். இன்னும் இளகலை."

க்வெண்டா கடிதத்தை நீட்டினாள். "அப்போ கொஞ்சம் பொறு. என்னைக் கூப்பிட்டிருக்காங்க. புதுசா ஒண்ணு பண்ணப் போறாங்க. நான் கூட இருந்து பார்த்துக்கறேன். ஆறு மாசம்."

டார்லீன் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைப் படித்தாள். முத்திரையைத் தடவிப் பார்த்தாள்.

"ஆறு மாசம்னா பொறுக்கலாம்" என்றாள்.

வாரியக் கூட்டம் ஏழாவது மாடியில். நீள மேஜையைச் சுற்றிப் பதின்மூன்று பேர். ஒவ்வொருவர் மார்பிலும் அட்டை: பெயர், பட்டம், பட்டத்துக்கு மேல் பட்டம். க்வெண்டாவின் அட்டையில் 'அனுபவம்' என்று மட்டும் இருந்தது. பெயரைக் காணோம். ஒருங்கிணைப்பாளர் லினெட் மன்னிப்புக் கேட்டாள். அனுபவ உறுப்பினர்கள் அடிக்கடி மாறுவதால் அட்டையை மட்டும் நிரந்தரமாக வைத்திருக்கிறார்களாம்.

தலைவர் பேராசிரியர் ஹால்ஸ்டெட் எழுந்தார். உயரமான மனிதர். குரல் வெண்ணெய்.

"நாங்க இங்க பேச வரலை. கேட்க வந்திருக்கோம்" என்று ஆரம்பித்து நாற்பது நிமிஷம் பேசினார். "இத்தனை காலமா மருத்துவம் பெண்களைக் கேட்காமலே இருந்துடுச்சு. நானே முப்பது வருஷம் கேட்காம இருந்திருக்கேன். அதனாலதான் கேட்காம இருக்கிறதைப் பத்தி என்னைவிட ஆழமா இந்த நாட்டுல யாரும் பேச முடியாது."

கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் க்வெண்டா பக்கம் திரும்பினார்கள்.

"கீலை ரெண்டு சென்டிமீட்டர் வெளியே தள்ளினா சதை மாட்டாது" என்றாள் க்வெண்டா. "திருகுக்குப் பதிலா ஒரு நழுவுபூட்டு போடலாம். சத்தம் வராது."

பேராசிரியர் கண்ணை மூடித் திறந்தார். "அருமை. அந்தக் கீல் உங்களுக்கு என்ன உணர்வைத் தந்துச்சு?"

"கீல் உணர்வு தராதுங்க. கிள்ளும்."

'உறுப்பினர் கிள்ளப்பட்டதாக உணர்ந்தார்' என்று லினெட் குறிப்பில் எழுதினாள்.

"இல்லைங்க, உணரலை. கிள்ளிச்சு. ஏன்னா கீல்…"

"கீல் தொழில்நுட்ப உபகுழுவோட விஷயம்" என்றார் பேராசிரியர் கனிவாக. "நீங்க அனுபவம்."

"நான் ஃபிட்டர்ங்க. முப்பத்தொரு வருஷம்."

"அது ஊர்ல. இங்க நீங்க அனுபவம்."

தொழில்நுட்ப உபகுழுவில் யார் என்று சாப்பாட்டு வேளையில் விசாரித்தாள். ஒரு வக்கீல், ஒரு விளம்பர ஆலோசகர், விமான நிலையத்தில் பெட்டி வரும் பட்டையை வடிவமைத்து ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர். மூன்று பேரும் ஆண்கள். மூவரும் கருவியை நேரில் பார்த்ததில்லை. முன்முடிவு வந்துவிடும் என்று தவிர்த்திருந்தார்கள்.

அடுத்த ஐந்து மாதம் கருவிக்குப் பெயர் வைப்பதில் போயிற்று. இருக்கிற பெயர் பெண்களைப் பயமுறுத்துகிறது என்று ஆய்வு சொன்னது. 'ஜன்னல்' என்றார்கள், தனிமையுரிமைக்குப் பொருந்தாது என்றார் வக்கீல். 'வரவேற்பான்' என்றார்கள், யார் யாரை வரவேற்பது என்பதில் தகராறு வந்தது. கடைசியில் 'மென்துணை' என்று முடிவாயிற்று. க்வெண்டாவிடம் அந்தப் பெயரை மூன்று முறை சொல்லிக்காட்டி, ஒவ்வொரு முறையும் வலி குறைகிறதா என்று கேட்டார்கள்.

"இப்ப எனக்கு வலிக்கலைங்களே. நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்" என்றாள்.

'பெயரைக் கேட்டபின் உறுப்பினருக்கு வலியில்லை' என்று எழுதப்பட்டது.

பிறகு அளவை. வலியை அளக்காமல் குறைக்க முடியாது என்றார் பேராசிரியர். அசௌகரிய அளவி என்று ஒரு ரப்பர் குமிழ் செய்தார்கள். பரிசோதனை நடக்கும்போது பெண் அதைக் கையில் பிடித்திருக்க வேண்டும். எவ்வளவு அழுத்துகிறாளோ அவ்வளவு வலி. சோதனைக்காக ஒரு ரப்பர் மாதிரியுடல் வரவழைக்கப்பட்டது. இடுப்பிலிருந்து தொடைவரை மட்டும். அதற்குக் கை கிடையாது என்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. ஆகவே வக்கீல் பக்கத்து அறையில் குமிழைப் பிடித்துக்கொண்டு அதன் சார்பாக உட்கார்ந்தார்.

நாற்பது சோதனை நடந்தது. முப்பத்தொன்பதில் அழுத்தம் பூஜ்யம். ஒன்றில் வக்கீல் தும்மினார். 'அசௌகரியம் மிக அரிது; பருவநிலையைச் சார்ந்தது' என்று அறிக்கை வந்தது.

"உயிரோட இருக்கிற பொம்பளைங்களை வச்சுப் பார்க்கக் கூடாதா?" என்று க்வெண்டா கேட்டாள்.

"பார்க்கலாம். ஆனா உயிரோட இருக்கிறவங்க ஒருத்தருக்கு ஒருத்தர் வேற மாதிரி இருக்காங்களே" என்றார் பேராசிரியர் வருத்தத்தோடு. "அளவு சுத்தமா வராது."

ஊரில் டார்லீன் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆறு மாதம் முடிந்து இன்னொரு ஆறு மாதமும் முடிந்திருந்தது. கொட்டகைக்குப் போகும்போது ஏப்ரனுக்குள் ஒரு துண்டை மடித்துச் செருகிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள்.

"உங்க சாமான் எங்கே வரைக்கும் வந்திருக்கு?"

"பெயர் வச்சாச்சு. அளந்தாச்சு. அடுத்த கூட்டத்துல முடிஞ்சுடும்."

"போன தடவையும் இதைத்தான் சொன்னே."

"போன தடவை அளக்கலை."

"இந்த டவுன் கிளினிக்ல புதுசா ஒரு நர்ஸ் வந்திருக்காளாம். நல்லா பார்க்கறாளாம். கொட்டகையில ஜோன் சொன்னா."

"கருவி அதேதானே?"

"அதேதான்."

"அப்போ இன்னும் கொஞ்சம் பொறுத்துடு. இவ்வளவு பொறுத்துட்டே" என்றாள் க்வெண்டா. சொன்னதை அப்போது அவள் பெரிதாக நினைக்கவில்லை. அவள் மனசு முழுக்கக் கீலில் இருந்தது.

ஏனென்றால் அவளே ஒன்று செய்துகொண்டிருந்தாள். உப்புத் தண்ணீருக்கு அசையாத எஃகில் மிச்சத் துண்டுகள் பட்டறையில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கடைந்தாள். கீல் வெளியே. திருகு இல்லை, நழுவுபூட்டு. ஓரத்தை எமரித்தாளால் தேய்த்துத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உதட்டில் வைத்துப் பார்த்தாள். எங்கேயும் தட்டவில்லை. துணியில் சுற்றி, ரொட்டி டப்பாவில் வைத்து அடிலெய்டுக்குக் கொண்டுபோனாள்.

மேஜைமேல் துணியைப் பிரித்ததும் பதின்மூன்று நாற்காலியும் பின்னால் நகர்ந்தன.

"இது என்ன?" என்றார் பேராசிரியர்.

"கருவிங்க. இது சரியா வரும்னு சொல்லலை. இதைப் பார்த்துட்டு நீங்க சரி பண்ணலாம்."

வக்கீல் எழுந்து நின்றே பேசினார். "அனுபவ உறுப்பினர் கருவி கொண்டு வந்தா அது நலன் முரண்."

"யாரோட நலன்?"

"அதைத்தான் விசாரிக்கணும்."

"வருத்தமாத்தான் இருக்கு, க்வெண்டா" என்றார் பேராசிரியர். "உங்க அனுபவம் இதுவரைக்கும் சுத்தமா இருந்துச்சு. இனிமே நீங்க வலியைப் பத்தி என்ன சொன்னாலும், இந்தக் கருவியை மனசுல வச்சுச் சொல்றீங்களோன்னு சந்தேகம் வரும். வலி தெரிஞ்சவங்க தீர்வும் தெரிஞ்சவங்களா இருந்துட்டா அப்புறம் வாரியம் எதுக்கு?"

அவர் அதைக் கேள்வியாகத்தான் கேட்டார்.

கருவியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முத்திரை வைத்தார்கள். பையைத் திறக்கத் தகுதியுள்ளவர் யார் என்று தீர்மானிக்க ஓர் உபகுழு அமைத்தார்கள். பையில் இருப்பது கருவியா, கருவியின் மாதிரியா, வெறும் உலோகமா என்று தெரிந்தால்தான் தகுதியைத் தீர்மானிக்க முடியும். அது தெரியப் பையைத் திறக்க வேண்டும். உபகுழு மூன்று முறை கூடிக் கலைந்தது.

அன்று எல்லோரும் போன பிறகு, பையை மேஜை இழுப்பறையில் வைக்கப் போன பேராசிரியர் பிளாஸ்டிக்குக்கு மேலாகவே பூட்டை ஒரு தரம் நழுவவிட்டுப் பார்த்ததை க்வெண்டா கதவருகே நின்று பார்த்தாள்.

"சத்தமே வரலையே" என்றார் தனக்குள். இழுப்பறையை மூடிப் பூட்டினார்.

பத்தொன்பதாவது மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், டார்லீன் கொட்டகையில் மயங்கி விழுந்தாள். சிப்பி ஓட்டுக் குவியல்மேல் விழுந்ததில் முழங்கை கிழிந்திருந்தது. வந்தவர்கள் முதலில் அந்த ரத்தத்தைத்தான் பார்த்தார்கள். க்வெண்டா லாரியை எடுத்துக்கொண்டு வந்து அவளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள்.

புது நர்ஸின் பெயர் மரிசெல். குள்ளமானவள். முழங்கையைக் கட்டிவிட்டு, மற்றதைக் கேட்டாள். டார்லீன் சொன்னாள். மரிசெல் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பார்க்கணும். எந்தக் கருவின்னு உங்களுக்குத் தெரியும். என்கிட்ட வேற கிடையாது."

டார்லீன் க்வெண்டாவைப் பார்த்தாள். க்வெண்டா தரையைப் பார்த்தாள்.

மரிசெல் இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்தாள். குழாயைத் திறந்து வெந்நீர் வரும்வரை விட்டாள். கருவியை அதில் காட்டினாள். தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். மறுபடி காட்டினாள். பிறகு அதை டார்லீன் கையில் கொடுத்தாள்.

"நீங்களே வைங்க. உங்களுக்குத்தான் தெரியும் எப்படின்னு. எனக்கு அவசரமில்லை. 'நிறுத்து'ன்னா நிறுத்திடுவேன்."

டார்லீன் மூன்று முறை நிறுத்து என்றாள். மரிசெல் மூன்று முறையும் நிறுத்தினாள். நாலாவது முறை டார்லீன் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் பதினொரு நிமிஷத்தில் முடிந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் டார்லீன்.

மரிசெல் கையுறையைக் கழற்றினாள். முகம் மாறவில்லை. "பெரிய டாக்டர் பார்க்கணும். இப்பவே போன் பண்றேன். நீங்க உடுத்திக்கோங்க."

இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் விரல் நசுங்கினால் முதலில் வலி தெரியாது. விரல் அங்கே இருக்கும், நமக்குச் சம்பந்தமில்லாத சாமான் மாதிரி. க்வெண்டாவுக்கு உடம்பு முழுக்க அப்படி ஆயிற்று. குழாயில் வெந்நீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. போய் அடைத்தாள்.

மூன்று வாரம் சோதனைகள் செய்துவிட்டு அடிலெய்டு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: கட்டி கர்ப்பப்பை வாயைத் தாண்டிவிட்டது, அறுத்து எடுக்கிற கட்டம் போய்விட்டது, கதிரும் மருந்தும் கொடுத்துப் பார்க்கலாம். போன வருஷம் வந்திருந்தால் சின்ன விஷயமாகப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். குற்றம் சொல்கிற தொனி இல்லை. தகவலாகச் சொன்னார். க்வெண்டா பட்டறையில் லீவு போட்டுக் கூடவே தங்கினாள். தம்பி கடலில் இருந்தான். படகு திரும்பப் பத்து நாள் ஆகும்.

அதே வாரம், ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கிற தூரத்தில், மென்துணை வெளியீட்டு விழா நடந்தது. லினெட் இரண்டு முறை போன் செய்தாள். அனுபவ உறுப்பினர் இல்லாமல் படம் எடுக்க முடியாதாம். கதிர் அறையில் டார்லீனோடு உள்ளே இருக்க விடமாட்டார்கள் என்பதால் க்வெண்டா போனாள்.

பலூன் கட்டியிருந்தார்கள். பாலாடைக்கட்டியும் பிஸ்கெட்டும் குட்டிக் குட்டி லாமிங்டன் கேக்கும் இருந்தன. நடுவில் கண்ணாடிப் பெட்டி. க்வெண்டா குனிந்து பார்த்தாள். அதே தகடு. அதே கீல், அதே இடத்தில். அதே திருகு. கைப்பிடி மட்டும் பச்சை.

"பச்சை எதுக்கு?" என்று லினெட்டிடம் கேட்டாள்.

"பச்சை கவலையைக் குறைக்கும்னு ஆய்வு சொல்லுது."

"படுத்திருக்கிறவளுக்குக் கைப்பிடி தெரியாதே."

லினெட் கொஞ்சம் யோசித்தாள். "டாக்டருக்குத் தெரியும்ல. அவருக்குக் கவலை குறையும்."

பேராசிரியர் பேசினார். "பத்தொன்பது மாசம் கேட்டோம். இடையில ஒரு நாள்கூட எதையும் செஞ்சு அந்தக் கேட்கிறதைக் கெடுத்துக்கலை. கருவியை மாத்தறது சுலபம். எந்தப் பட்டறைக்காரனும் பண்ணிடுவான். நாங்க அதைவிடக் கஷ்டமானதைப் பண்ணியிருக்கோம். கருவியைப் பத்தின பார்வையை மாத்தியிருக்கோம்." பலத்த கைதட்டல். "இப்ப நம்ம அனுபவம் ரெண்டு நிமிஷம் பேசும்."

க்வெண்டா ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றாள். எழுதிக் கொடுத்திருந்த தாளைப் பிரிக்கவில்லை.

"என் தம்பி பெண்டாட்டி இதுக்காகக் காத்திருந்தா" என்றாள். "ரத்தம் போய்க்கிட்டே இருந்துச்சு. நான்தான் பொறுக்கச் சொன்னேன். போன மாசம் ஒரு நர்ஸ் பழைய கருவியைக் குழாய்த் தண்ணியில சூடு பண்ணி அவ கையிலயே கொடுத்தா. பதினொரு நிமிஷம் ஆச்சு. இப்ப அவ பக்கத்து ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. லேட்டாயிடுச்சுன்னு சொல்றாங்க."

குரல் எங்கேயும் உடையவில்லை. உதிரிப் பாகங்களின் பட்டியலைப் படிப்பவள் போலச் சொல்லிவிட்டு நின்றாள். பேராசிரியர் கண்ணைத் துடைத்தார். நிஜமாகவே துடைத்தார்.

"வெந்நீர்" என்றார் மெதுவாக. பிறகு உரக்க: "வெந்நீர்! நண்பர்களே, இதுதான், இதுக்காகத்தான் நாம கேட்கிறோம். எத்தனை டிகிரி? எவ்வளவு நேரம்? எந்தக் குழாய்? இன்னிக்கே வெப்பநிலை உபகுழுவை அறிவிக்கிறேன். மூணு வருஷம். க்வெண்டா, அதுக்கு நீங்கதான் அனுபவத் தலைவி."

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். யாரோ அவள் கையில் ஒரு பலூனைக் கொடுத்தார்கள்.

"என் பையைக் கொடுங்க. நான் போகணும்" என்றாள் க்வெண்டா.

"எந்தப் பை?"

"இழுப்பறையில இருக்கிறது."

பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். "அது இப்ப ஆவணம். திருப்பித் தரணும்னா திறந்து சரிபார்க்கணும்."

க்வெண்டா மார்பிலிருந்த அட்டையைக் கழற்றினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் பாலாடைக்கட்டித் தட்டில் வைத்தாள். பலூனை நாற்காலியில் கட்டிவிட்டு வெளியே வந்தாள்.

டார்லீன் கதிர் அறையிலிருந்து திரும்பிப் படுக்கையில் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கண் மட்டும் பழைய கண்.

"வந்துடுச்சா?" என்றாள்.

"வந்துடுச்சு."

"எப்படி இருக்கு?"

"பச்சைக் கைப்பிடி."

"மத்தது?"

"மத்தது ஒண்ணும் இல்லை."

டார்லீன் சிரித்தாள். சிரிப்பு வயிற்றில் பிடித்துக்கொள்ள, கையை வைத்து அழுத்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் சிரித்தாள். க்வெண்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. வரும் என்று ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டார்லீன், பொறுன்னு சொன்னது நான்தான். மூணு தடவை சொன்னேன். அந்த நர்ஸைப் பத்திச் சொன்னப்பவும் நான்தான் தடுத்தேன்."

டார்லீன் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே பஸ் ஒன்று நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

"நீ சொல்லாட்டியும் போயிருக்க மாட்டேன்" என்றாள். "ஆனா நீ சொன்னது எனக்கு ரொம்ப வசதியா இருந்துச்சு, க்வெண்டா. அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேணாம்."

டீ வந்தது. கூட இரண்டு பிஸ்கெட். டார்லீனுக்கு வாயில் ருசி இல்லை. இரண்டையும் க்வெண்டா பக்கம் தள்ளினாள். க்வெண்டா ஒன்றை எடுத்துக் கடித்தாள். அவளுக்கும் ருசி தெரியவில்லை. முழுவதும் தின்றாள்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு உள்ளே பார்ப்பாங்களாம்" என்றாள் டார்லீன். "பெரிய டாக்டர்."

"நான் எட்டுக்கே வந்துடறேன்."

"எட்டுக்கு எதுக்கு? வெளியில சும்மாதான் உட்கார்ந்திருக்கணும்."

"உட்கார்ந்திருக்கேன்" என்றாள் க்வெண்டா. "இந்தத் தடவை பொறுத்துக்கிட்டிருக்கிறது நானா இருக்கட்டும்."